பம்ப் துப்பாக்கி: வெட்டுவதா, விற்பதா?

மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கிராமத்தில் ‘பம்ப்’ என்றால் கிணற்று மோட்டார்தான். ஆனால், ‘மிலிட்டரிக்காரர் வீட்டுப் பம்ப்’ என்று யாராவது சொன்னால், அது தண்ணீர் இறைக்கிற பம்ப் இல்லை. 12 போர் பம்ப் துப்பாக்கி. ஊரில் உரிமத்தோடு இருந்த ஒரே துப்பாக்கி அதுதான்.

மிலிட்டரிக்காரர் 17 வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு, 2001-ல் ஹவில்தாராக ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர். பென்ஷன் மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியவில்லை. அப்போது வங்கிக் காவலுக்குச் சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் உள்ள முன்னாள் ராணுவத்தினரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு எட்டு மாதம் நடந்து, 2002-ல் உரிமம் வாங்கினார். மனைவியின் நகையை அடகு வைத்துத் துப்பாக்கி வாங்கினார். 2023 வரை, 21 வருஷம், வங்கி வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் நர்சிங் முடித்ததும், மகன் டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போனதும் அந்தச் சம்பளத்தில்தான். “எனக்கு ரெண்டு பிள்ளைங்க இல்லீங்க, மூணு. மூணாவது பிள்ளைதான் முதல்ல சம்பாரிச்சுது” என்று அவர் மனைவி விளையாட்டாகச் சொல்வார்.

வேலையை விட்டதும் துப்பாக்கியை எண்ணெய்த் துணியில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். 2024-ல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். ஏப்ரல் 19-ல் தேர்தல் முடிந்தது. அதைத் திரும்ப வாங்குவதற்குள் விக்கிரவாண்டி இடைத்தேர்தல் வந்துவிட்டது. ஜூலை 10 வாக்குப்பதிவும் முடிந்த பிறகுதான் துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. “வேலையே இல்லாத துப்பாக்கிக்கு இத்தனை அலைச்சலா?” என்று மகன் அப்போதே கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை.

புயல் நனைத்த துப்பாக்கி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி உடைந்து, விடிவதற்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மிலிட்டரிக்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மனைவியையும் பேரப்பிள்ளையையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது மறுநாள் மதியம்தான். மூன்று நாள் அது சேற்றுத் தண்ணீரில் கிடந்தது.

எடுத்துத் துடைத்துப் பார்த்தபோது மனசு விட்டுப்போனது. கட்டையின் கழுத்துப் பகுதி ஊறி வெடித்திருந்தது. முன்பிடியைப் பின்னால் இழுத்தால் பாதியில் நின்றது. பம்ப் துப்பாக்கியின் வேலையே அந்த முன்பிடியில்தான் இருக்கிறது. பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழ வேண்டும். முன்னால் தள்ளினால் குழலுக்குக் கீழே இருக்கிற உருளையிலிருந்து அடுத்த தோட்டா மேலே ஏற வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. குழலின் வாய்ப்பக்கம் மூன்று அங்குலத்துக்கு, உள்ளேயும் வெளியேயும், அம்மைத் தழும்பு மாதிரி துரு குழி போட்டிருந்தது. பெட்டியில் இருந்த தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகத்தில் பச்சை பூத்திருந்தது.

மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினார். துப்பாக்கி எண்ணெய் தடவினார். முன்பிடி கொஞ்சம் நகர்ந்தது. துரு வைத்த குழி அப்படியே இருந்தது.

மார்கழிக் கடைசியில் ஒன்றரைக் காணியில் மல்லாட்டை போட்டார். புயலில் நெல் போன பிறகு கையில் மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை அது. டி.எம்.வி. ரகங்களைப் பெற்றெடுத்த திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மல்லாட்டை சாப்பாடும் காசும் சேர்ந்தது. மாசிக் கடைசியில், காய் பிடிக்கிற நேரத்தில், காட்டுப்பன்றிகள் வந்தன. ஒரே இரவில் கால் காணியை ஏர் ஓட்டினது மாதிரி புரட்டிவிட்டுப் போயின.

“ஹேக்ஸா போட்டா பத்து நிமிஷம்”

தங்கச்சி மகன் அன்று காலையே வந்துவிட்டான். திண்டிவனத்தில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன்.

“இன்னா மாமா, வீட்ல துப்பாக்கி வெச்சிக்கினு பன்னிக்கு மல்லாட்டை போடுறீங்க? குடுங்க எங்கிட்ட. துரு புடிச்ச வாயை ஹேக்ஸா போட்டு வெட்டிடுவோம், பத்து நிமிஷம். கட்டைக்குப் பதிலா இரும்புக் கைப்பிடி வெல்டு வெச்சித் தர்றன். தூக்கவும் சுளுவா இருக்கும்.”

மிலிட்டரிக்காரருக்குத் துப்பாக்கி தெரியும். குழலில் துரு வைத்த பாகம்தான் கெட்டது; அதை எடுத்துவிட்டால் மீதி நன்றாக இருக்குமே என்று அவருக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. உடைந்த மண்வெட்டிக் காம்பை வெட்டிப் போடுகிறவர்தானே விவசாயி. துப்பாக்கியை எடுத்து டேப் வைத்து அளந்தார். குழல் 20 அங்குலத்துக்குச் சற்று அதிகம். மூன்று அங்குலம் எடுத்தால் 18-க்கும் கீழே வந்துவிடும்.

அந்த 20 அங்குலம் வெறும் அளவு இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் அந்த இடத்தில்தான் கோடு போட்டிருக்கின்றன. 20 அங்குலமும் அதற்கு மேலும் குழல் உள்ள சாதாரணத் துப்பாக்கிக்கு மாவட்ட அளவில் உரிமம் கிடைக்கும். அதைவிடக் குட்டையானது கட்டுப்படுத்தப்பட்ட வகையில் போய்விடும். சாதாரணக் குடிமகனுக்கு அந்த உரிமம் கிடைக்காது. அதோடு, குழலைக் குட்டையாக்குவதே 6-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அதற்குக் குறைந்தது 7 ஆண்டு. அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் அந்தத் திருத்தத்தில் சேர்ந்தது. வெட்டியது தன் சொந்தத் துப்பாக்கி, உரிமம் கையில் இருக்கிறது, பன்றிக்காகத்தான் வெட்டினேன் என்று சொன்னால் எடுபடாது. உரிமப் புத்தகத்தில் எழுதியிருக்கிற துப்பாக்கி வேறு, கையில் இருக்கிற துப்பாக்கி வேறு என்று ஆகிவிடும். அறுத்துத் தருகிற லேத் பட்டறைக்காரனும் சேர்ந்து மாட்டுவான். துப்பாக்கியைப் பழுது பார்க்கவே அதற்கென்று உரிமம் பெற்ற ஆள் வேண்டும்.

“நான் 17 வருஷம் மிலிட்டரியில, 21 வருஷம் பேங்குல துப்பாக்கி புடிச்சவன். இது வரைக்கும் போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடத்தான் போயிருக்கன். கைகட்டி நிக்கப் போகல. நீ ஹேக்ஸாவை எடுத்துக்கினு வேலைக்குப் போ” என்றார்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்த யோசனை சரியில்லை. 12 போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தை 12 உருண்டையாகப் பிரித்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ அவ்வளவு விட்டமுள்ள குழல், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். காவலுக்குச் செய்த துப்பாக்கியில் குழலின் வாய் குறுகலாக இருக்காது. சுட்டதும் ரவைகள் சீக்கிரம் பரவும். வங்கி வாசலில் பத்தடி தூரத்துக்கு அது போதும். இருட்டில் 40 மீட்டர் தள்ளி ஓடுகிற பன்றியைச் சுட்டால் ஒன்றிரண்டு ரவைதான் படும். பன்றி சாகாது, காயப்பட்டு ஓடிப் புதரில் படுக்கும். காலையில் புல் அறுக்கப் போகிற பெண்ணின் மேல் பாயும். போதாததற்குக் குழலுக்குள் துரு. ஓரிடத்தில் சேறு காய்ந்து அடைத்திருந்தாலும், சுடுகிறவன் முகத்துக்கு நேரே குழல் வெடிக்கும். தண்ணீரில் ஊறிய தோட்டாவும் அப்படித்தான். பாதி மருந்து எரிந்து, உள்ளே போட்ட அடைப்பு குழல் நடுவிலேயே நின்றுவிட்டால், அடுத்த தோட்டா ஆளுக்கே வினையாகிவிடும்.

துப்பாக்கியே நல்லபடி இருந்தாலும்

சரி, துப்பாக்கியை உரிமம் பெற்ற ஆளிடம் கொடுத்து, குழலும் கட்டையும் புதிதாகப் போட்டுச் சரிசெய்துவிட்டால் பன்றியைச் சுடலாமா? அந்தக் கேள்வியோடு அவர் திண்டிவனத்தில் வனத்துறை அலுவலகத்துக்குப் போனார்.

அந்தக் காலத்தில் பயிர்க் காவலுக்கென்று வாய்வழியாக மருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கொடுத்தார்கள். ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் அது இன்றும் இருக்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு அந்த வகைத் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு சாதாரணத் துப்பாக்கி. அவருடைய தாத்தாவிடமும் அப்படி ஒன்று இருந்தது. விழுப்புரம் மாவட்டம் பிறக்காத காலம். உரிமத்தில் தென்னாற்காடு மாவட்டம் என்று முத்திரை இருக்கும். ஆனால், துப்பாக்கி வைத்திருக்க அனுமதி வேறு; காட்டுவிலங்கைச் சுட அனுமதி வேறு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2022-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது அது இரண்டாம் அட்டவணையில் வந்தது. ஆயுத உரிமம் சட்டைப்பையில் இருந்தாலும், அனுமதி இல்லாமல் சுட்டால் அது வேட்டை வழக்கு. மயிலைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அது முதல் அட்டவணை.

மற்ற மாநிலங்களில் வேறு வழிகள் பார்த்திருக்கிறார்கள். பீகாரிலும் உத்தராகண்டிலும் 2015, 2016-ல் சில மாவட்டங்களில் காட்டுப்பன்றியைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்கு செய்யும் விலங்கு என்று மத்திய அரசு அறிவித்தது. கேரளாவில் 2022-ல், பயிரை அழிக்கிற பன்றியை உரிமம் உள்ளவர்களை வைத்துச் சுட உத்தரவிடும் அதிகாரம் ஊராட்சித் தலைவர்கள் கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. 2025 ஜனவரியில் வந்த அரசாணை காப்புக்காட்டின் எல்லையிலிருந்து தூரத்தை அளக்கிறது. 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். சுடுவதும் வனத்துறையின் ஆட்கள்தான். விவசாயி தானே சுட அதில் இடம் இல்லை.

அவருடைய கொல்லை காப்புக்காட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். பிடிக்கத்தான் முடியும்.

“அப்ப எம் மல்லாட்டைக்கு?” என்று கேட்டார். பயிர்ச்சேத மனு எழுதச் சொன்னார்கள். சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, பன்றி புரட்டின இடத்தின் படங்கள் எல்லாம் வேண்டும். சேதமான இடத்தை உழுது சமன் செய்வதற்கு முன்னால் மனு போக வேண்டும். அவர் நல்லவேளை உழவில்லை.

அன்று இரவு நடந்தது

திரும்பி வந்த அன்று இரவு அவர் மோட்டார் கொட்டகையில் காவல் இருந்தார். பதினோரு மணி இருக்கும். பக்கத்துக் கொல்லை வரப்பில் டார்ச் வெளிச்சம். போய்ப் பார்த்தால் தங்கச்சி மகனும் பக்கத்துக் கொல்லைக்காரரும். கட்டுக்கம்பியை முழங்கால் உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு முனை மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போயிருந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் வாய் திறந்தார்.

“காலையில நாலரைக்கு யாரு இந்த வரப்புல வருவாங்கன்னு தெரியுமாடா? ஒன் அம்மா. பால் கறக்கப் போறவ இந்த வழியாத்தான் போவா.”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்துக் கொல்லைக்காரர், “அண்ணே, துப்பாக்கியும் வேணாம்ங்கிற, கம்பியும் வேணாம்ங்கிற. நாங்க இன்னாதான் பண்றது?” என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, களைப்புதான். அவருக்கும் புயலில் நெல் போயிருந்தது. கூட்டுறவுக் கடன் அப்படியே நின்றது.

மிலிட்டரிக்காரர் வரப்பில் உட்கார்ந்து யோசித்தார். 21 வருஷத்தில் அந்தத் துப்பாக்கியை வேலையில் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. வங்கியை அத்தனை காலம் காத்தது தோட்டா இல்லை. யார் வருகிறான், யார் போகிறான் என்று விழித்துக்கொண்டு நின்ற ஆள்தான் காத்தது. இங்கேயும் வேண்டியது அதுதான்.

“ஆறு கொல்லைக்காரங்க இருக்கோம். ஒருத்தர் ஆறு நாளைக்கு ஒரு ராத்திரி முழிச்சா போதும். அறுவடைக்கு ஒரு மாசம்தான். ராத்திரி காவலுக்கு மொறை போடுவோம்” என்றார்.

மறுநாளே முறை போட்டார்கள். கொல்லையைச் சுற்றிப் பழைய சேலை கட்டினார்கள். நாலு மூலையிலும் தகர டப்பா, இரண்டு இடத்தில் விட்டுவிட்டு எரிகிற விளக்கு. விளக்கையும் சேலையையும் நாலு நாளைக்கு ஒரு தரம் இடம் மாற்றினார்கள். ஒரே இடத்தில் இருந்தால் பன்றி பழகிவிடும். பன்றி வரவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு தரம் வந்து ஓரமாகக் கொஞ்சம் தின்றுவிட்டுப் போயின. ஆனால், சித்திரையில் காணியில் முக்கால் பங்குக்கு மேல் வீடு வந்து சேர்ந்தது.

விழுப்புரத்தில் ஒரு திங்கட்கிழமை

துப்பாக்கி மட்டும் பெட்டியிலேயே இருந்தது. 2020-ல் புதுப்பித்த உரிமம் 2025-ல் முடிகிறது. முன்பு மூன்று வருஷமாக இருந்த உரிமக் காலம் 2019 திருத்தத்தில் ஐந்து ஆனது. அதனால் இடையில் யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை. இப்போது வந்துவிட்டது. புதுப்பித்தால் பழுதுக்கும் செலவு, கட்டணம், மறுபடி ஒவ்வொரு தேர்தலுக்கும் அலைச்சல். புதுப்பிக்காமல் வீட்டில் வைத்திருந்தால் அது உரிமம் இல்லாத துப்பாக்கி. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

புதுச்சேரி பக்கத்திலிருந்து ஒரு கான்ட்ராக்டர் ஆள் அனுப்பினார். “இருக்கிற மாதிரியே குடுத்துடுங்க. காசு கையில. பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்.” சொன்ன தொகை சின்னத் தொகை இல்லை, கூட்டுறவுக் கடனைப் பாதி அடைக்கலாம். மனைவிகூட ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தார். “பேப்பர் அப்புறம்னா, அது எங்கன்னா சுட்டா, எம் பேருலதான் சுடும்” என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பினார்.

மகன் பெயருக்கு மாற்றலாமா என்று ஒரு யோசனை இருந்தது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் அதற்கு வழி இருக்கிறது. உரிமதாரர் இறந்தால் வாரிசுக்கு. உயிரோடு இருக்கும்போதே என்றால் அவருக்கு 70 வயது ஆக வேண்டும், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருக்க வேண்டும், எது முதலில் வருகிறதோ அது. இவருக்கு வயது 60. துப்பாக்கிக்கு 25 ஆவது 2027-ல். வாங்கிக்கொள்கிறவரும் தன் பெயரில் மனுப் போட்டு, பாதுகாப்புப் பயிற்சி பெற்று, பத்திரமாக வைக்க இடம் காட்டி, தனியாக உரிமம் பெற வேண்டும். மகனிடம் போனில் கேட்டார். “வேணாம்ப்பா. ஒரகடத்துல வாடகை வீட்ல எங்க வெப்பேன்? நீ நின்னது போதும்” என்றான்.

‘நீ நின்னது போதும்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவருக்கு மனசு இறங்கியது.

ஒரு திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார். துப்பாக்கியை எடுத்துப் போகவில்லை. உரிமப் புத்தகமும், அதன் நகலும், தனி அடையாள எண் எழுதிய பக்கமும் மட்டும். உரிமப் பிரிவில் இருந்த எழுத்தர் பொறுமையாகச் சொன்னார். இன்னொரு உரிமதாரருக்கு விற்பது என்றால், வாங்குகிறவரின் பெயரும் முகவரியும் எழுதி மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் பொருள் கை மாறலாம். வாங்குகிறவருக்கு அந்த வகைத் துப்பாக்கி வைக்க உரிமம் இருக்க வேண்டும். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் உரிமம் பெற்ற வணிகரிடம் அனுமதியோடு விற்கலாம். அதுவும் முடியாவிட்டால், உரிமம் முடிவதற்குள் காவல் நிலையத்திலோ வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்படைத்ததைச் சொன்ன காலத்துக்குள் விற்கவோ திரும்பப் பெறவோ செய்யாவிட்டால் அது அரசுக்குப் போய்விடும்.

“நனைஞ்ச தோட்டா?”

“அதையும் எண்ணிக் கணக்கோட ஒப்படைங்க. கிணத்துல, குப்பையில போட்டுடாதீங்க.”

அவர் வணிகருக்கு விற்க மனுப் போட்டார். அனுமதி வந்ததும் சென்னையில் உரிமம் பெற்ற ஒரு கடைக்குக் காவல் நிலையக் கடிதத்தோடு கொண்டுபோனார். துருவையும் வெடித்த கட்டையையும் பார்த்த கடைக்காரர், வாங்கிய விலையில் கால் பங்குதான் கொடுத்தார். மிலிட்டரிக்காரர் பேரம் பேசவில்லை. ரசீது, துப்பாக்கி எண், தேதி, கையெழுத்து எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்துப் பார்த்தார். பிறகு விழுப்புரத்துக்கு வந்து உரிமத்தை ஒப்படைத்து, அதற்கும் ஒரு ஒப்புகை வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது கடைக்காரர், “இதைச் சுட்டது எத்தனை தரம் இருக்கும் சார்?” என்று கேட்டாராம். “பயிற்சிக்குச் சுட்டதுதான். வேலையில ஒரு தரமும் இல்ல” என்று இவர் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

வந்த பணத்தைக் கடனுக்குக் கட்டவில்லை. ஆறு கொல்லைக்காரர்களும் பங்கு போட்டு சூரிய சக்தி மின்வேலி போடுவதென்று பேச்சு. அதில் அவருடைய முதல் பங்கு இது. அந்த வேலி நேர் மின்சாரம் இல்லை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு கருவி நொடிக்கு ஒரு முறை, கண் இமைக்கிற நேரத்தைவிடக் குறைவாக அதிர்ச்சி அனுப்பும். தொட்டால் உதறித் தள்ளும், பிடித்துவைக்காது. அதற்கும் 2023-ல் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்திருக்கின்றன; வனத்துறையிடம் பதிவு செய்துதான் போட வேண்டும். வேளாண் பொறியியல் துறையில் மானியம் கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் கம்பி சொருகிய தங்கச்சி மகன்தான் இப்போது வேலிக்குக் கல்கால் எத்தனை, கம்பி எத்தனை என்று கணக்குப் போடுகிறான்.

கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி காலியாக இருக்கிறது. உள்ளே துப்பாக்கி எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. அவர் மனைவி அதில் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், அந்த ரசீது எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். புயல் வந்தால் முதலில் எடுக்க வேண்டிய பெட்டி என்று இப்போது அதைப் பரண்மேல் ஏற்றியாகிவிட்டது.

ஊர்ப்பக்கம் இப்படிப் பழைய துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலருக்கு அது தாத்தா சொத்து, சிலருக்கு இதுமாதிரி சோறு போட்டது. அவர்கள் யாராவது வந்து கேட்டால் மிலிட்டரிக்காரர் முதலில் துப்பாக்கியைப் பார்ப்பதில்லை. “புத்தகத்தை எடு. தேதி எப்ப முடியுது?” என்று கேட்கிறார். அடுத்த கேள்வி, “இப்ப அது உனக்கு எதுக்கு?” பதில் சொல்லத் தெரிந்தவனைப் பழுது பார்த்துப் புதுப்பிக்கச் சொல்கிறார். பதில் தெரியாமல் தலையைச் சொறிகிறவனை விழுப்புரத்துக்கு பஸ் ஏறச் சொல்கிறார். ஹேக்ஸா பிளேடு பற்றிப் பேசுகிறவனுக்கு மட்டும் டீ கிடையாது.